ஆகஸ்ட் 1 கணக்கும் பணிநிரவல் கலந்தாய்வும்: நெல்லைப் பள்ளிகளுக்கு எவ்வளவு பயன்?

பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் பணியாளர் நிர்ணயமும் (எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு), அதைத் தொடர்ந்து வரும் பணிநிரவல் கலந்தாய்வும் (மிகுதியாக இருக்கும் ஆசிரியர் வேறு பள்ளியைத் தேர்வு செய்யும் நிகழ்வு) ஒரு பொதுச் சேவை. ரேஷன் கடையையும் பேருந்தையும் மதிப்பிடுவதுபோல இதையும் மதிப்பிடலாம், மதிப்பிட வேண்டும். மானூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் முன்னால் 20 பிள்ளைகள் உட்காருவார்களா, 60 பிள்ளைகள் உட்காருவார்களா என்பதை இந்தச் சேவைதான் முடிவு செய்கிறது. சென்னையில் சங்கத் தலைவர்களும் அமைச்சரும் பேசும் மேசைக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் போய்ச் சேருவதே இல்லை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். கணக்கெடுப்புக்கு 5-க்கு 3. கலந்தாய்வுக்கு 3.5. தவறு நடந்தால் முறையிடும் வழிக்கு 1. தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சங்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர் ஆகிய மூன்று பேரை மனத்தில் வைத்து எழுதியது இது.

அடிப்படை ஒரு பக்க அட்டவணைதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் இருக்கிறது. 1 முதல் 5 வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர், 91 முதல் 120 வரை 4 பேர், 121 முதல் 200 வரை 5 பேர். 150-ஐத் தாண்டினால் அந்த 5 பேருடன் தனியாக ஒரு தலைமையாசிரியர். 200-க்கு மேல் போனால், தலைமையாசிரியரைச் சேர்க்காமல், ஆசிரியருக்கு 40 பிள்ளைகளுக்கு மேல் வரக்கூடாது. 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி என மூவர் இருக்க வேண்டும். 9, 10 வகுப்புகளுக்கு மாநில அரசு 1997 டிசம்பரில் பிறப்பித்த அரசாணை 525-ன் 1:40 கணக்கு. இந்த அளவுகோல்களை ஆகஸ்ட் 1 அன்று எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) தளத்தில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். வருகிற விடைதான் பணியாளர் நிர்ணயம்.

அட்டவணை பள்ளியின் மொத்தத்தைப் பார்க்கிறது, வகுப்பைப் பார்ப்பதில்லை. ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நாங்குநேரி ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. 1-ஆம் வகுப்பில் 9, 2-இல் 14, 3-இல் 11, 4-இல் 13, 5-இல் 14. மொத்தம் 61. மூன்று ஆசிரியர்கள் கிடைப்பார்கள். ஒரு பிள்ளை குறைந்து 60 ஆனால் இரண்டு பேர்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். தாளில் பார்த்தால் 1:30, சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ குறுவள மையக் கூட்டத்துக்கோ போகிற நாளில் 60 பிள்ளைகளும் ஐந்து வகுப்புகளும் ஒரே ஆளிடம். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் 1 முதல் 3 வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளாகப் பிரித்துப் பாடம் நடத்த வேண்டும். ஒரே ஆளாக அதை நடத்தும் நாளில் மற்ற இரண்டு வகுப்பும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை.

நடுநிலைப் பள்ளியிலும் இப்படியொரு விளிம்பு உண்டு. 6, 7, 8 மூன்றிலும் சேர்த்து 105 பிள்ளைகள் என்றால் மூன்று பட்டதாரி ஆசிரியர்கள். நாளொன்றுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 40. மூன்று வகுப்புக்கு 120 பாடவேளை. மூவருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 40, ஒரு வேளைகூட ஓய்வு இல்லை. ஓவியம், உடற்கல்விக்கு வரும் பகுதிநேர ஆசிரியர் வாரத்தில் 3 அரைநாள்தான் வருவார். அவர் இருக்கும் பள்ளியில் சில வேளைகள் கிடைக்கும், இல்லாத பள்ளியில் அதுவும் இல்லை. மொழிக்கு ஒருவர் என்ற வரியால் தமிழும் ஆங்கிலமும் ஒரே தலையில் விழுகிறது. 106-ஆவது பிள்ளை வந்தால் நான்காவது ஆசிரியர் வருவார். ஆகவே ஜூலை மாதத்தில் 58 முதல் 61 வரை, 88 முதல் 91 வரை, 118 முதல் 121 வரை, நடுநிலையில் 103 முதல் 106 வரை இருக்கும் பள்ளிகள் தங்கள் பட்டியலை ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்க வேண்டும். மற்றப் பள்ளிகளுக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை.

எமிஸில் எது சிக்குகிறது

கணக்கெடுப்புக்கு 3 மதிப்பெண் கொடுத்ததற்குக் காரணம், பழைய காகிதப் படிவ முறையைவிட இது நேர்மையானது என்பதுதான். இல்லாத பிள்ளையைப் பதிவேட்டில் காட்டி இடத்தைக் காப்பாற்றும் வேலை இப்போது எளிதில் நடக்காது. இரண்டு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் வேறு. வகுப்பில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தளம் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது.

வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் பதிவை முந்தைய பள்ளி எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். அதன் பிறகுதான் புதிய பள்ளி தன் பட்டியலில் இழுத்துக்கொள்ள முடியும். தனியார் பள்ளியில் கட்டணப் பாக்கி வைத்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த விடுவிப்பு வாரக்கணக்கில் இழுபடுகிறது. பிள்ளை ஜூன் மாதமே சத்துணவு வரிசையில் நிற்கும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், எமிஸில் மட்டும் பழைய பள்ளியிலேயே இருக்கும். அலுவலகத்தில் கேட்டால் “எமிஸ்ல ஏறலையே சார்” என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைச் சேர்க்கையை மறுக்கக் காரணமாகக் காட்டக்கூடாது என்கிறது. ஆனால் சேர்க்கை வேறு, எமிஸ் பதிவு வேறு. சட்டம் பிள்ளையை உள்ளே விடுகிறது, தளம் எண்ணாமல் விடுகிறது.

செய்ய வேண்டியது இது. ஜூன் இறுதிக்குள் விடுவிப்பு வராத பெயர்களைத் தனித்தாளில் எழுதி, எமிஸ் எண், பழைய பள்ளியின் பெயர், பிள்ளை சேர்ந்த தேதி ஆகியவற்றோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் பெறப்பட்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூலை நடுவில் ஒரு நினைவூட்டு. ஜூலை 31 மாலை தளத்தில் வகுப்புவாரி எண்ணிக்கை காட்டும் பக்கத்தை அச்செடுத்து, தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு, தேதி போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். அன்றைய வருகைப் பதிவேட்டின் நகலும் கூட இருக்கட்டும். பின்னால் எண்ணிக்கை தகராறு வந்தால் நிற்பது இந்த இரண்டு தாள்தான். வாய்மொழி எதுவும் நிற்காது.

ஆகஸ்ட் 1-க்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சேவையில் இடமே இல்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் சேரும்போது அந்த ஆண்டுக் கணக்கு மூடி மாதங்கள் ஆகியிருக்கும். இது பெரிய ஓட்டை. டிசம்பரிலோ ஜனவரியிலோ துணைக் கணக்கு ஒன்று எடுத்தால் போதும், இன்றுவரை அப்படி ஒரு வழக்கம் இல்லை.

ஆளில்லாத உபரி

இந்த மதிப்புரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதானால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

நிர்ணயத்தில் ஒரு பள்ளிக்குத் தேவைக்கு மேல் பணியிடம் இருப்பதாக முடிவானால் அது உபரி. உபரி இரண்டு வகை. ஆசிரியருடன் உபரி என்றால் அந்த இடத்தில் ஒருவர் வேலை பார்க்கிறார், அவர் கலந்தாய்வுக்குப் போய் வேறு பள்ளியைத் தேர்வு செய்ய வேண்டும். ஆசிரியரின்றி உபரி என்றால் அந்த இடம் ஏற்கெனவே காலி. ஓய்வு பெற்றவரின் இடமோ, மாறுதலில் போனவரின் இடமோ. அந்தப் பணியிடத்தை இயக்குநரின் பொதுத் தொகுப்புக்கு ஒப்படைத்துவிடுவார்கள்.

முதல் வகைக்குச் சங்கம் வரும். வட்டாரப் பொறுப்பாளர் அலுவலகத்துக்குப் போவார், பணிமூப்புப் பட்டியலைச் சரிபார்ப்பார், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தடையாணை வாங்கவும் உதவுவார். பாதிக்கப்படுகிறவர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறார், சந்தா கட்டும் உறுப்பினர். இரண்டாவது வகையில் யாருக்கும் மாறுதல் இல்லை, யாரும் அழவில்லை, ஆகவே யாரும் போவதில்லை. வகுப்பு பெருப்பது இந்த இடத்தில்தான். காலியாக இருந்த இடமாவது ‘காலிப்பணியிடம்’ என்று பட்டியலில் நிற்கும், நியமனம் வந்தால் நிரப்பலாம். பொதுத் தொகுப்புக்குப் போன இடம் பள்ளியின் பெயரிலேயே இல்லை. அடுத்த ஆண்டு 70 பிள்ளைகள் சேர்ந்தாலும் அந்த இடத்தை மறுபடி கேட்டு, கருத்துரு அனுப்பி, ஆணை பெற்றுத்தான் வாங்க வேண்டும்.

ஒருவர் வாங்கும் தடையாணை அந்த ஆசிரியரைக் காப்பாற்றும், அவருக்குப் பின்னால் இருக்கும் பணியிடத்தைக் காப்பாற்றாது. ஆசிரியர் சங்கங்கள் வகுப்பின் அளவுக்காகப் பேரம் பேச நினைத்தால், மாறுதல் பட்டியலுக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியையாவது ஆசிரியரின்றி உபரிப் பட்டியலுக்குக் கொடுக்க வேண்டும். சங்கங்கள் மீது வைக்கும் பெரிய குறை இதுதான். அன்போடுதான் சொல்கிறோம். இந்த வேலையைச் செய்யக்கூடிய வேறு அமைப்பு மாவட்டத்தில் இல்லை.

இன்னொரு மறைவான வழி மாற்றுப்பணி. மலையடிவாரத்தில் ஓர் ஓராசிரியர் பள்ளியில் அந்த ஆசிரியர் மகப்பேறு விடுப்பில் போகிறார். மாநிலத்தில் 2021 முதல் அது 12 மாதம். பதிலாளை நியமிப்பதில்லை, பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்புகிறார்கள். அனுப்பிய பள்ளியின் கணக்கில் அவர் பெயர் அப்படியே இருக்கும். தளத்தில் 3 ஆசிரியர், வகுப்பறையில் 2. கல்வி உரிமைச் சட்டத்தின் 25(2) பிரிவு, ஆசிரியர்-மாணவர் விகிதத்தைக் காக்க, ஒரு பள்ளியில் நியமிக்கப்பட்டவரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்க்கச் சொல்லக்கூடாது என்றே எழுதியிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் மீட்பு ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் 27-ஆம் பிரிவில் விலக்கு. மாற்றுப்பணி ஆணையை எதிர்க்கும் மனுவில் 25(2) என்ற எண் இருக்க வேண்டும். பெரும்பாலான மனுக்களில் அது இருப்பதில்லை.

கலந்தாய்வு நாள்

இதற்கு 3.5 கொடுக்க வைப்பது வெளிப்படைத்தன்மை. காலியிடங்கள் திரையில் தெரிகின்றன, முன்னுரிமை வரிசை தெரிகிறது, தேர்வு செய்த உடனே ஆணை கிடைக்கிறது. சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்த காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம்.

பள்ளியில் யார் இளையவர் என்பதில்தான் தகராறு வரும். அந்தப் பள்ளியில் சேர்ந்த தேதியா, அந்தப் பதவியில் சேர்ந்த தேதியா, ஒன்றியத்தில் சேர்ந்த தேதியா என்பதை அந்தந்த ஆண்டின் வழிகாட்டு நெறிமுறையில் எழுதியிருப்பதை வைத்தே பேச வேண்டும், போன ஆண்டு நடைமுறையை வைத்து வாதாடினால் எடுபடாது. பாட வாரியாகவும் பார்க்க வேண்டும். கணிதத்தில் உபரி இருப்பதாக வந்தால், அந்தப் பள்ளியில் அறிவியல் இடம் காலியா என்று உடனே பார்க்கவும். அது காலியாக இருந்தும் கணித ஆசிரியரை அனுப்பினால், சட்டம் சொல்லும் கணிதம்-அறிவியல் ஆசிரியர் என்ற ஒரே ஆளும் போய்விடுவார். அரைப் புள்ளி அல்ல, ஒன்றரைப் புள்ளி குறைத்தது இதற்காகத்தான். கலந்தாய்வு ஆசிரியரை நகர்த்துவதைச் செம்மையாகச் செய்கிறது, அவர் விட்டுப்போகும் வகுப்பு என்னவாகும் என்று அந்தத் திரையில் ஒரு கட்டமும் இல்லை.

சங்கம் ஏன் இதை ஒப்பந்தமாக எழுதி வாங்க முடியவில்லை

ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி ‘தொழிலாளர்’ அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே தொழிலாளர் நீதிமன்றம், சமரச அலுவலர் என்ற பாதை அடைபட்டது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்ட் 6 அன்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய மாதம் நடந்த போராட்டத்தில் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதன் தொடர்ச்சி அது. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டத்தில் ஓய்வூதியக் கோரிக்கை முன்னால் நின்றது. உபரி இடைநிலை ஆசிரியர்களை 2,381 அங்கன்வாடிகளின் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கு அனுப்புவதை எதிர்ப்பதும் பட்டியலில் இருந்தது. அது வகுப்பின் அளவைத் தொட்ட கோரிக்கை. எழுத்துப்பூர்வ உடன்பாடு எதுவும் இல்லாமல் போராட்டம் முடிந்தது.

மற்ற நாடுகளில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் நம்முடைய குறை தெளிவாகத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் அதே 2019 ஜனவரியில் 6 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே வகுப்பு வரம்பு ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் நிதி நெருக்கடி என்று சொல்லி நிர்வாகம் தன்னிச்சையாக வரம்பை மீற 1.5 என்ற ஒரு பிரிவு இடம் கொடுத்தது. அந்தப் பிரிவை நீக்கியதுதான் அவர்களின் பெரிய வெற்றி. அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவில் 11 பள்ளி நாட்கள் போராடி, அதிகக் கூட்டமுள்ள வகுப்புகளைக் குறைக்க ஆண்டுக்கு 3.5 கோடி டாலர் ஒதுக்க வைத்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2002-இல் அரசு சட்டம் போட்டு ஒப்பந்தத்திலிருந்து வகுப்பு வரம்பைப் பிடுங்கியது. ஆசிரியர்கள் வழக்கை விடவில்லை, 2016 நவம்பர் 10 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் திரும்பப் பெற்றார்கள்.

நம்மிடம் ஒப்பந்தம் இல்லை, ஆனால் சட்ட அட்டவணை இருக்கிறது. எந்தச் சங்கமும் அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது என்ற வகையில் அது ஒப்பந்தத்தைவிட உறுதியானது. மீறினால் யார், எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதில்தான் மெலிந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதன் மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகலாம். மூன்று மாதம் என்பது ஒரு முழுப் பருவம். முறையீட்டுக்கு 1 மதிப்பெண் தந்தது இதனால்தான்.

மாவட்ட அளவிலேயே கேட்டு வாங்கக்கூடிய மூன்று கோரிக்கைகள் உள்ளன. மூன்றுக்கும் சென்னை ஆணை தேவையில்லை. ஆசிரியரின்றி உபரி என முடிவான பணியிடங்களின் வரைவுப் பட்டியலை ஒப்படைப்பதற்கு 15 நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எமிஸ் விடுவிப்பு நிலுவையில் உள்ள பிள்ளைகளை, வருகைப் பதிவேட்டின் அடிப்படையில் ஒரு பின்குறிப்பாகவாவது நிர்ணயக் கோப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுப்பணி ஆணை ஒவ்வொன்றிலும் முடியும் தேதி எழுத வேண்டும். சங்கங்கள் தனித்தனியாகக் கேட்பதைவிட எல்லாச் சங்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுப்பது நல்லது. தனித்தனி மனு என்றால் ஒவ்வொருவரும் தங்கள் உறுப்பினரின் மாறுதலையும் கூடவே எழுதிவிடுகிறார்கள், பேச்சு அங்கேயே திசைமாறிவிடுகிறது.

மேலாண்மைக் குழுவின் கையில் சங்கத்திடம் இல்லாத ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், அவர்களுக்கு நடத்தை விதியும் இல்லை, அரசு ஊழியர் மீது துறை சுமத்தும் 17(ஆ) குற்றச்சாட்டும் இல்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் குழுவில் தீர்மானம் போட்டால், ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைப் படித்துப் பதிவு செய்ய நாள் சரியாக இருக்கும். தீர்மானத்தில் “ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புவாரி எண்ணிக்கை, அட்டவணைப்படி வர வேண்டிய ஆசிரியர், இப்போது வகுப்பறையில் இருப்பவர், மாற்றுப்பணியில் போனவர் ஆகிய நான்கு எண்களும் இருக்க வேண்டும்.

அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையிலும் கடற்கரை ஊர்களிலும் அவை நிறைய. அங்கே உபரியானவரை முதலில் அதே நிர்வாகத்தின் மற்றப் பள்ளிகளில் பார்ப்பார்கள், ஒரே நிர்வாகத்தில் உபரி இருக்கும்வரை வேறு பள்ளியின் காலியிடத்துக்குப் புது நியமன ஒப்புதல் கிடைப்பது கடினம். ஆகவே அங்கே பேச வேண்டிய இடம் இரண்டு: அலுவலகமும் நிர்வாகமும். நிர்வாகத்திடம் எல்லாப் பள்ளிகளின் நிர்ணய ஆணைகளையும் சேர்த்து வைத்துக் கேட்டால்தான் எங்கே மிகுதி, எங்கே குறை என்று தெரியும்.

ஆணை வந்த பிறகு எண் தவறாகத் தெரிந்தால், அதே வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். கேட்க வேண்டியவை மூன்று: ஆகஸ்ட் 1 அன்றைய எமிஸ் எண்ணிக்கையின் நகல், உங்கள் பள்ளிக்கான நிர்ணயத் தாள், ஒன்றியத்தில் ஆசிரியரின்றி உபரியாக ஒப்படைக்கப்பட்ட பணியிடங்களின் பட்டியல். “ஏன்” என்று கேள்வியாகக் கேட்டால் தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள், ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆகஸ்ட் 20-க்குள் போட்ட மனுவுக்குச் செப்டம்பர் 20-ஐ ஒட்டிப் பதில் வர வேண்டும். பணியிடத்தைத் திரும்பக் கேட்கும் கருத்துருவோடு இந்தப் பதிலையும், ஜூலை 31 மாலை கையெழுத்திட்டு வைத்த தாளையும் இணைத்து அனுப்ப வேண்டும்.